பேராதனைக்குப் போகும் மகளுக்கு என்ன கட்டிக் கொடுப்பது?

தங்கச்சி, மகளுக்குப் பேராதனைக் கம்பஸ் கிடைத்த சந்தோசமும், பிள்ளையைப் பிரியப்போகிற கலக்கமும் உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. திருகோணமலையை விட்டு ஒரு கிழமைகூட வெளியே தங்காத பிள்ளை, அடுத்த மாதம் விடுதிக்குப் போகிறாள். என்னென்ன கட்டிக் கொடுப்பது, பிறகு பார்சல் அனுப்புவதென்றால் எதை, எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுடைய அப்பா இப்போதே மூன்று பெட்டி நிறையச் சாமான் வாங்கி அடுக்கிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் நெடுங்காலம் ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் உதவிக் காப்பாளராக வேலை செய்தவள். புது வருடப் பிள்ளைகள் வந்திறங்கும் நாளை ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். வேன் நிறையச் சாமான் வரும். ஒரு மாதம் கழித்து அறைகளைப் பார்க்கப் போனால் அதில் பாதி கட்டிலுக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கும். அதே அறையில் ஈர உடுப்புக் காயப்போட ஒரு முழம் கயிறு இருக்காது. அதனால் நான் சொல்லக்கூடிய முக்கியமான விசயம் ஒன்றுதான்: முதற் பொதியைச் சிறிதாகக் கட்டுங்கள். மூன்றாம் நாலாம் கிழமையில் அனுப்பும் இரண்டாவது பொதிக்குக் காசையும் நேரத்தையும் மிச்சம் பிடித்து வையுங்கள். பிள்ளைக்கு என்ன தேவை என்று அவளுக்கே அப்போதுதான் தெரியவரும்.

முதற் பொதியில் என்ன வைக்கலாம் என்பதற்கு ஊர் வித்தியாசத்திலிருந்து தொடங்குகிறேன். நாங்கள் கடற்கரை ஆட்கள். இங்கே கச்சான் காற்றடிக்கிற மாதங்களில் காலையில் தோய்த்த சட்டை பத்து மணிக்குக் காய்ந்துவிடும். பேராதனை ஹந்தானை மலையடிவாரம். எங்களுக்கு மழையென்றால் ஐப்பசியிலிருந்து தைவரைதான். அங்கே இரண்டு பருவ மழையும் தொடும், இடையில் பின்னேர மழையும் பெய்யும். மழைக் காலத்தில் ஒரு ஜீன்ஸ் காய மூன்று நாள் எடுக்கும். ஆகவே தடித்த துணி குறைவாக, மெல்லிய துணி கூடுதலாக வையுங்கள். உள்ளாடை நீங்கள் நினைக்கிற அளவைவிட ஐந்தாறு கூட வையுங்கள். துவாய் இரண்டு வேண்டும், இரண்டுமே மெல்லியதாக இருக்கட்டும். தடித்த பெரிய துவாய் கடையில் பார்க்க அழகாக இருக்கும். அங்கே அது காயவே காயாது, நாலாம் நாள் மணக்கும்.

கொடிக் கயிறும் ஒரு டசின் கிளிப்பும் மறக்க வேண்டாம். நல்ல குடை ஒன்று, மடிக்கிற குடையென்றாலும் கம்பி உறுதியானதாகப் பாருங்கள். செருப்பு வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். வழுவழுப்பான றப்பர் அடி உப்புவெளி மணலுக்குச் சரி. பாசி பிடித்த கருங்கல் படியில் பிள்ளை விழுந்துவிடும். மார்கழி, தை, மாசியில் இரவுக் குளிர் 20 பாகைக்குக் கீழே இறங்கும். எங்கள் பிள்ளைகள் அந்தக் குளிரை அறியாதவர்கள். ஒரு ஸ்வெற்றர், ஒரு தடித்த போர்வை, இரண்டு சோடி காலுறை போதும். கம்பளி வேண்டாம், அதைத் தோய்ப்பதும் காயவைப்பதும் பெரிய பாடு.

தலையணை, படுக்கை விரிப்பு இரண்டு, நுளம்பு வலை, ஆமைப் பூட்டு ஒன்று. பூட்டுக்கு மூன்று திறப்பு இருக்கட்டும்: ஒன்று அவளிடம், ஒன்று பையின் உள் மடிப்பில், மற்றது உங்களிடம். முதல் மாதத்தில் திறப்பைத் தொலைத்துவிட்டு வந்து நிற்காத பிள்ளையை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். பழைய கட்டடங்களில் உருண்டைக் கால் பிளக்கும் இருக்கும், புதியதில் சதுரக் கால். ஆகவே இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு மல்டி பிளக் கொடுத்துவிடுங்கள். மின் கேத்தில், ரைஸ் குக்கர், ஸ்திரிக்கைப் பெட்டி இவற்றை இப்போது வாங்க வேண்டாம். சில விடுதிகளில் விடுவார்கள், சில விடுதிகளில் கண்டால் பறிமுதல். விடுதி விதிகளைப் பிள்ளை நேரில் வாசித்த பிறகு பார்க்கலாம்.

இதையெல்லாம் எதில் கட்டுவது? ஒரு சூட்கேஸ், ஒரு முதுகுப்பை, அதோடு மூடியுள்ள ஒரு பெரிய பிளாஸ்ரிக் வாளி. குளிக்கவும் உடுப்பு ஊறப்போடவும் வாளி எப்படியும் தேவை. போத்தல்களையும் தின்பண்டங்களையும் அதற்குள் துணி சுற்றி அடுக்கி, மூடியை அழுத்தி, கயிறு போட்டுக் கட்டினால் பஸ்ஸில் நசுங்காது, மழையிலும் நனையாது. கட்டி முடித்ததும் மூன்றையும் அவளையே தூக்கச் சொல்லி, வாசலில் இருந்து சந்திவரை நடக்கச் சொல்லுங்கள். இந்த முறை நீங்கள் கூடப் போவீர்கள். விடுமுறை முடிந்து திரும்புகிற போது தனியாகத்தான் தூக்கப்போகிறாள். தூக்க முடியாததை அங்கேயே இறக்கிவிடுங்கள். அவளுடைய அப்பாவின் மூன்று பெட்டிக்கும் இதுதான் பரீட்சை. அவர் மனம் நோகாதபடி, மிச்சத்தை இரண்டாவது பொதிக்கென்று அலுமாரியில் எடுத்து வையுங்கள்.

பத்திரங்களுக்குத் தனிக் கோப்பு ஒன்று வேண்டும், அது சூட்கேசுக்குள் போகாமல் கையோடு இருக்க வேண்டும். பிறப்பத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் ஒரு கட்டு. எல்லாவற்றிலும் போட்டோ கொப்பி நாலைந்து. மூலப் பிரதிகளைப் படமெடுத்து அவளுடைய கைபேசியிலும் உங்களுடையதிலும் வைத்துக்கொள்ளுங்கள். மஹாபொல புலமைப்பரிசில் கிடைக்கிற பிள்ளையென்றாலும் முதற் காசு கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்குமான செலவை இப்போதே கணக்குப் பார்த்து ஒதுக்குங்கள். கையில் கொடுக்கும் காசில் ஒரு பகுதி இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக இருக்கட்டும்.

மருந்துப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அம்மாமார் அன்பு மிகுதியில் தவறு செய்கிறார்கள். வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோட்டிக், யாருக்கோ எழுதிக் கொடுத்த நோ மாத்திரை, தூக்க மாத்திரை எதையும் வைக்காதீர்கள். பனடோல் இரண்டு அட்டை, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் நாலு பக்கெற், பிளாஸ்ரர், காயத்துக்குப் பூசும் மருந்து, சித்தாலேப தைலம், வெப்பமானி ஒன்று. அவளுக்கென்று வைத்தியர் எழுதிய மருந்து ஏதும் இருந்தால் இரண்டு மாதத்துக்கு உரியதும், அந்தத் துண்டின் பிரதியும். இவ்வளவுதான்.

ஜீவனி ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு கிளாசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் உப்பின் அளவு பிசகிவிடும். காய்ச்சலென்றால் பனடோல் மட்டும்தான். 500 மில்லிகிராம் வில்லை ஒன்றோ இரண்டோ, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. மெலிந்த பிள்ளைக்கு அதிலும் குறைத்து, எடையைச் சொல்லி மருந்துக் கடையில் கேட்டு எழுதி வையுங்கள். இபுப்ரொஃபன், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் மூன்றையும் தொடக் கூடாது. கண்டிப் பக்கமும் டெங்கு உண்டு. டெங்குவில் இவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தால் முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வாந்தி, கடும் வயிற்று வலி, இரத்தக் கசிவு இருந்தால் மூன்றாம் நாள்வரை காத்திருக்கவும் கூடாது. கம்பஸ் சுகாதார நிலையம் எங்கே என்பதை முதல் நாளே நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள். 1990 என்ற சுவசெரிய இலவச அம்புலன்ஸ் எண்ணை வெப்பமானியோடு ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சரி, இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன். நீங்கள் அதிகம் கேட்டதும் இதைத்தான்.

தின்பண்டத்தை எதிரி மூன்று பக்கமிருந்து பிடிக்கும்: ஈரம், எறும்பு, குரங்கு. குரங்கென்றால் பேச்சுக்குச் சொல்லவில்லை. பேராதனை வளவில் குரங்குக் கூட்டம் சர்வசாதாரணம். திறந்த யன்னலால் கை விட்டுப் பாண் பையை எடுத்துக்கொண்டு போகும். ஆகவே பொலித்தீன் பையில் கட்டியது எதுவும் நிலைக்காது. இறுக்கமான மூடியுள்ள தகர டின்னோ, வாய் அகன்ற பிளாஸ்ரிக் போத்தலோ வேண்டும். கண்ணாடிப் போத்தல் பஸ் பயணத்துக்குச் சரிவராது.

எது கெட்டுப்போகும், எது நிற்கும் என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அதில் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா? பச்சைத் தேங்காய் சேர்ந்த சம்பல் அன்றைக்கே புளிக்கும். தேங்காய்ப்பூ வறுத்துச் சேர்த்த பணியாரம்கூடச் சில நாளில் காறல் வாடை பிடிக்கும். கிண்ணியா எருமைத் தயிர் அவளுக்கு எவ்வளவு விருப்பமாக இருந்தாலும் சட்டியோடு பஸ்ஸில் ஏற்றாதீர்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை போவதற்குள் பஸ்ஸின் உள் வெக்கையில் அது பொங்கிவிடும். அதை வீட்டுக்கு வருகிற நாளுக்கு வையுங்கள்.

நான் எல்லா அம்மாமாருக்கும் சொல்வது நெத்தலிப் பொரியல். திருக்கடலூர்க் கரையில் நல்ல நெத்தலிக் கருவாடு கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு அதை அனுப்பாமல் விடலாமா? கால் கிலோ நெத்தலி எடுத்துத் தலையையும் வயிற்றையும் கிள்ளிவிட்டு, இரண்டு தண்ணீரில் சட்டென்று அலசிப் பிழிந்து, சுளகில் பரப்பி ஒரு பின்னேரம் முழுக்க வெயிலில் விடுங்கள். கழுவிய ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் வெளியே சிவக்கும், உள்ளே நமுத்துப்போகும். மிதமான நெருப்பில் பொரியுங்கள். எண்ணெய்ச் சத்தம் அடங்கி, அகப்பையால் கிளறும்போது சருகு மாதிரிச் சலசலத்தால் எடுத்துவிடலாம். சின்ன வெங்காயம் அரைக் கிலோவை மெல்லிதாக வெட்டித் தனியாகப் பொரிக்க வேண்டும். பெரிய வெங்காயத்தில் தண்ணீர் கூட, அது இதற்குச் சரிவராது. வெங்காயம் மண்ணிறமாகி முறுகியதும், இடித்த செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டு ஒரு நிமிடம் வதக்கி இறக்குங்கள். புளியும் தேசிக்காயும் வேண்டாம். உப்பும் போடாமல் வாயில் வைத்துப் பாருங்கள், கருவாட்டு உப்பே பெரும்பாலும் போதும். ஒரு தேக்கரண்டி சீனி சேர்க்கலாம்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். வெங்காயத்தையும் நெத்தலியையும் தனித்தனியே தாளில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, பிறகுதான் கலந்து போத்தலில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்க்கும். அந்த வியர்வைதான் ஒரு கிழமையில் பூஞ்சணமாகிறது. போத்தலையும் முதல் நாளே கழுவி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்திருக்க வேண்டும். இப்படிச் செய்தால் இரண்டு கிழமை தாராளமாக நிற்கும். ஈரக் கரண்டி போடாதே என்று மகளுக்கு மட்டும் சொன்னால் போதாது, மூடியிலேயே எழுதி ஒட்டுங்கள். அறையில் உள்ள மற்றப் பிள்ளைகளும் கரண்டி போடுவார்கள்.

அந்த மற்றப் பிள்ளைகளை நினைத்துத்தான் பொதி கட்ட வேண்டும். ஒரு அறையில் மூன்று நாலு பேர் இருப்பார்கள். சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, மலையகத்துப் பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை யாராகவும் இருக்கலாம். திருகோணமலையில் வளர்ந்த பிள்ளைக்கு இது புதிதில்லை என்பது பெரிய பலம். ஒரு போத்தல் அவளுக்கென்று அனுப்பினால் அது அறைக்கென்றுதான் போய்ச் சேரும், அப்படித்தான் போய்ச் சேரவும் வேண்டும். முதற் கிழமையில் யாரோடு பேசுவது, எப்படிப் பேசுவது என்று தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கு, டின்னைத் திறந்து நீட்டுவதைப் போல உதவுகிறது வேறொன்றுமில்லை. நான் விடுதியில் பார்த்த நெருங்கிய சிநேகங்களில் நிறைய இப்படித் தொடங்கியவைதான்.

ஆனால் அதற்கு எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒன்றாவது பொதியில் இருக்க வேண்டும். மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளை இருக்கலாம், போயாவுக்குச் சில் எடுத்து நோன்பிருக்கும் பௌத்தப் பிள்ளை இருக்கலாம். இறைச்சி வகை எதையும் அனுப்பாமல் விட்டால் ஹலாலா என்று யாரும் தயங்கத் தேவையில்லை. மீன் வகையைத் தனிப் போத்தலில் வைத்து, இனிப்பையும் முறுக்கையும் மீன் பொரித்த எண்ணெய் படாமல் செய்யுங்கள். பொரிக்காத பச்சைக் கருவாட்டை மட்டும் வேண்டாம். எங்களுக்கு அது மணம். மூடிய அறையில் மழை நாளில், பழக்கமில்லாத பிள்ளைக்கு அது பெரிய தொந்தரவு.

எல்லோருக்கும் பொதுவானதென்று நான் சிபாரிசு செய்வது பயத்தம் உருண்டை. பயறை வாசம் வரும்வரை நிதானமாக வறுத்து, கோது நீக்கி, மாவாக்கி, அரித்து எடுங்கள். சீனியைக் கம்பிப் பதத்துக்குப் பாகாக்கி, ஏலக்காயும் கொஞ்சம் மிளகு சீரகத் தூளும் போட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிடித்துவிட வேண்டும். தேங்காய்ப்பூவைத் தவிருங்கள். வீட்டுச் சுவை ஒரு படி குறையும், ஆனால் நாள் தாங்கும். காலை எட்டு மணி விரிவுரைக்கு ஓடுகிற பிள்ளை பெரும்பாலும் வெறும் வயிற்றோடுதான் ஓடும். இரண்டு உருண்டையும் ஒரு தேத்தண்ணியும் பத்து மணிவரை தாங்கும். உருண்டை பிடிக்க நேரமில்லாவிட்டால் அதே பயற்றம் மாவைச் சீனி கலந்து டின்னில் போட்டுவிடுங்கள், சுடுதண்ணீர் ஊற்றிப் பிசைந்து சாப்பிடலாம்.

மற்றவை சுருக்கமாக: முறுக்கு, அது மலை ஈரத்தில் நமுத்துவிடும் என்பதால் சிறு சிறு பக்கெற்றாக. எள்ளுப்பாகு. மோர் மிளகாய் வேண்டாம், அதைப் பொரிக்க அடுப்பு வேண்டும். எலுமிச்சங்காய் ஊறுகாய் மேலே நல்லெண்ணெய் நிற்கிற மாதிரி சின்னப் போத்தல் ஒன்று, விடுதிக் கறி உறைப்பில்லாத நாளில் கைகொடுக்கும். வறுத்த மல்லியும் சுக்கும் இடித்த தூள், குளிர் நாளுக்கு. பிஸ்கட், நூடில்ஸ், பால்மா, சமபோஷ இவற்றையெல்லாம் இங்கிருந்து சுமக்காதீர்கள். பேராதனையிலும் கண்டியிலும் எல்லாக் கடையிலும் அதே விலைக்கு இருக்கிறது. வீட்டில் இருந்து வர வேண்டியது வீட்டில் மட்டும் கிடைப்பதுதான்.

பக்திக்குரியதை நீங்களே அறிவீர்கள். கோணேசர் கோவில் திருநீறு ஒரு சின்ன டப்பாவில் கொடுத்துவிடுங்கள். கம்பஸ் வளவுக்குள்ளேயே குறிஞ்சிக் குமரன் கோவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே போனால் தமிழ்ப் பிள்ளைகளைச் சந்திப்பாள், அது மனதுக்கு ஆறுதல். இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள்: வளவோடு ஓடுகிற மகாவலி ஆறு கடைசியில் எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. தூரம் வந்துவிட்டேனே என்று நினைக்கிற பிள்ளைக்கு இது பிடிக்கும்.

முதற் கிழமைகளில் விலையுயர்ந்த எதையும் கொடுத்து அனுப்ப வேண்டாம். தங்கச் சங்கிலி, புது மடிக்கணினி, நல்ல கைக்கடிகாரம் எல்லாம் பிறகு. தொலைந்தால் பொறுப்பெடுக்க ஆளில்லை என்பது ஒரு காரணம். மற்றது பகிடிவதை. இந்த உடுப்புத்தான் போட வேண்டும், இதைத்தான் கொண்டுவர வேண்டும் என்று சீனியர்கள் சிலர் புதுப் பிள்ளைகளுக்குச் சட்டம் போடுவது இன்னும் முற்றாக ஒழியவில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை தண்டனைக்குரிய குற்றம். இதை மகளும் அறிந்திருக்க வேண்டும், நீங்களும் அறிந்திருக்க வேண்டும். விடுதிக் காப்பாளரின் எண், மாணவ ஆலோசகரின் எண், பீடத்து அலுவலக எண் மூன்றையும் முதல் நாளே கேட்டு எழுதுங்கள். பிள்ளை திடீரென்று போனில் ஒரு சொல்லில் பதில் சொல்லத் தொடங்கினாலோ, இந்தக் கிழமை பார்சல் அனுப்ப வேண்டாம் என்று காரணமில்லாமல் சொன்னாலோ, ஏன் என்று அமைதியாகக் கேளுங்கள். கோபப்பட்டுக் கேட்டால் மறைத்துவிடுவாள். கொடுமை நடக்கிறதென்று தெரிந்தால் படிப்புக் கெட்டுவிடுமே என்று பயந்து பேசாமல் இருக்காதீர்கள்.

இனி இரண்டாவது பொதி. மூன்றாம் கிழமை முடியும்போது போனில் கேளுங்கள். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டால் ஓம் என்று மட்டும்தான் பதில் வரும். எந்த வேளைச் சாப்பாடு தவறிப்போகிறது, என்ன முடிந்துபோயிற்று, கொண்டுபோனதில் இன்னும் தொடாதது எது, அறையில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன பிடித்தது என்று கேளுங்கள். இந்தப் பதில்கள்தான் உங்கள் பட்டியல். இரவு படித்துவிட்டு பத்து மணிக்குப் பசிக்கிறது என்றால் அதற்கொன்று. செருப்பு வெட்டுகிறது என்றால் வேறு செருப்பு. கேத்திலுக்கு அனுமதி உண்டென்று தெரிந்துவிட்டால் அதையும் இப்போது வாங்கலாம். சுகாதாரத் துவாய், சவர்க்காரம் போன்றவை அங்கே வாங்கலாம்தான். ஆனால் காசைக் கேட்கக் கூச்சப்பட்டுக் குறைத்துப் பாவிக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். கேட்காமலே இரண்டு பக்கெற் வைத்துவிடுங்கள்.

அனுப்பும் வழிக்கு வருவோம். திருகோணமலையிலிருந்து கண்டிக்குக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஏறத்தாழ 180 கிலோமீற்றர். நேர் பஸ் உண்டு. எங்கள் ரயில் கல்லோயா, மாகோ வழியாகக் கொழும்புக்குத்தான் போகிறது, கண்டிப் பொதிக்கு அது உதவாது. சாப்பாட்டுச் சாமான் என்றால் பஸ்ஸில் ஆள் கையில் அனுப்புவதுதான் நல்லது, அன்றைக்கே போய்விடும். ஊரிலிருந்து அங்கே படிக்கிற வேறு பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து திரும்பும் நாளை விசாரித்து வையுங்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவோடு பழகிக்கொண்டால் மாறி மாறி அனுப்பலாம். ஆனால் இன்னொரு பிள்ளை தூக்கப்போகிற பாரம் என்பதை மறக்க வேண்டாம். இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அப்படி ஆள் கிடைக்காவிட்டால் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிற வழக்கமும் இருக்கிறது. பொதியின் மேல் மகளின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தடித்த எழுத்தில் எழுதுங்கள். தாளில் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, பெட்டியிலேயும் எழுதுங்கள், தாள் உரிந்துபோகும். பஸ் இலக்கத்தைப் படமெடுத்து, கொண்டக்டரின் எண்ணையும் வாங்கி, புறப்பட்ட நேரத்தோடு மகளுக்கு அனுப்புங்கள். கண்டியில் பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்பதை அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள். முக்கியமாக, பொதி போய்ச் சேருகிற நேரம் பகலாக இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குக் கண்டி பஸ் நிலையத்தில் பொதிக்காகப் பிள்ளை தனியாக நிற்கிற மாதிரி எதையும் ஒழுங்கு செய்யாதீர்கள். விடுதி வாசல் பூட்டும் நேரமும் இருக்கிறது. விரிவுரை இல்லாத சனிக்கிழமை, அதிகாலைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் மத்தியானத்துக்குள் சரி. உடுப்பு, புத்தகம், பத்திரம் போன்றவற்றைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பலாம், பத்திரமென்றால் பதிவுத் தபாலில்.

மாதாமாதம் அனுப்ப வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயமில்லை. 15 கிழமை கொண்ட ஒரு அரையாண்டில் மூன்று பொதி போதும் என்பது என் எண்ணம். மூன்றாம் நாலாம் கிழமையில் ஒன்று, நடுவில் ஒன்று, பரீட்சைக்கு முன் படிப்பு விடுமுறையில் ஒன்று. பரீட்சைப் பொதி சிறியதாக இருக்கட்டும். கை அழுக்காகாமல் புத்தகத்தோடு இருந்து கொறிக்கிற வகை, பேனை சில, கோப்பித்தூள் கொஞ்சம். நன்றாகப் படி, எங்கள் மானத்தைக் காப்பாற்று என்று அதில் எழுதி வைக்காதீர்கள். அந்த நேரத்தில் பிள்ளை ஏற்கெனவே பயந்துபோய் இருக்கும். தம்பி இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அவன் கையால் வீட்டுச் செய்தி நாலு வரி எழுதச் சொல்லி வையுங்கள், அது எந்த இனிப்பையும் விட நாள் தாங்கும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்து அறைப் பிள்ளைக்கு வாராவாரம் பொதி வருகிறது, எனக்கு வரவில்லை என்று மனம் சுருங்குகிற பிள்ளைகள் உண்டு. அதே நேரம் வீட்டில் கடன்பட்டு அனுப்புகிறார்கள் என்று தெரிந்து, வந்த பொதியைப் பிரிக்காமல் அழுத பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். உங்களால் முடிந்ததை முடிந்த நேரத்தில் அனுப்புங்கள், ஆனால் சொன்ன நாளில் அனுப்புங்கள். அடுத்த சனிக்கிழமை வரும் என்று சொன்னது அடுத்த சனிக்கிழமை வர வேண்டும். பொதி சின்னதா பெரியதா என்பதைவிட அது அவளுக்கு முக்கியம்.

விடுதி எதுவென்று பல்கலைக்கழகம் அறிவித்ததும் இன்னொரு தடவை எழுதுங்கள். பேராதனையில் சில விடுதிகள் மேட்டில், சில ஆற்றுப் பக்கம். சாப்பாட்டு வசதியும் பீடத்துக்கு நடக்கிற தூரமும் வித்தியாசப்படும். செருப்பு, குடை, காலைச் சாப்பாடு மூன்றையும் அதைப் பார்த்துத்தான் முடிவாகச் சொல்லலாம். அதுவரை வாளியை வாங்கிவிடுங்கள், நெத்தலியைப் போகிற கிழமைக்கு முன் பொரிக்க வேண்டாம்.